ஹார்மோன் தீவனம் கொடுத்தும் திலாப்பியாவில் பெண் மீன்கள்: மருந்தளவைக் கூட்டலாமா?

கேள்வி (பொரிப்பகத்தார்):
வணக்கம். சிறிய அளவில் திலாப்பியா குஞ்சு உற்பத்தி செய்து வருகிறேன். குளத்தில் இனப்பெருக்கம் நடக்காதபடி குஞ்சுகளையெல்லாம் ஆணாக்க, ஒரு கிலோ தூள் தீவனத்துக்கு 60 மில்லிகிராம் 17 ஆல்ஃபா மெத்தில் டெஸ்டோஸ்டிரோன் (செயற்கை ஆண் ஹார்மோன்) என்ற கணக்கில், எத்தனாலில் கரைத்துக் கலந்து 21 நாட்கள் கொடுத்தேன். குஞ்சு வாங்கிச் சென்றவர் சில மாதங்கள் கழித்து அழைத்து, குளமெங்கும் பொடிக்குஞ்சுகள் திரிவதாகக் கடிந்துகொண்டார். நேரில் சென்று 100 மீன்களைப் புரட்டிப் பார்த்ததில் 31 பெண் மீன்கள். தாய்மீன் குளத்தின் ஓரத்தில் கூட்டமாக நிற்கும் குஞ்சுகளை 15 நாட்களுக்கு ஒருமுறை கைவலையால் அள்ளி, அதே குளத்தில் கட்டிய ஹாப்பாவில் (வலைத் தொட்டியில்) விட்டுத்தான் தீவனமிடுகிறேன். மருந்தை 120 மில்லிகிராமாக உயர்த்தினால் சரியாகுமா?

பதில் 1 (மீன்வளம் படித்தவர்):
ஐயா, உயர்த்த வேண்டாம். உங்கள் மருந்தளவு சரியானதே. பிழை குஞ்சின் வயதில் இருக்கிறது. நைல் திலாப்பியாவில் குரோமோசோம்படி எக்ஸ்எக்ஸ் பெண், எக்ஸ்ஒய் ஆண் என்றாலும், பொரித்த புதிதில் இனச்சுரப்பி எந்தப் பக்கமும் சாயாமல் இருக்கும். அப்போது அரோமட்டேஸ் என்ற நொதி ஆண் ஹார்மோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றினால் அது சினைப்பையாகிறது. ஈஸ்ட்ரோஜன் குறைந்து ஆண் ஹார்மோன் மேலோங்கினால், எக்ஸ்எக்ஸ் குஞ்சிலும் விந்தகம் உருவாகிறது. (நீரின் வெப்பம் 36 பாகைக்கு ஏறினாலும் இந்நொதி அடங்கி ஆண்கள் கூடுவதுண்டு.) மஞ்சள்கருப் பை கரைந்து முதல் இரை எடுக்கும் நாளிலேயே மருந்து உள்ளே போக வேண்டும். 15 நாட்களுக்கு ஒருமுறை அள்ளும்போது, முட்டையை வாயிலேயே அடைகாக்கும் தாயின் வாயிலிருந்து நேற்று இறங்கிய குஞ்சும் இரு வாரக் குஞ்சும் ஒரே ஹாப்பாவில் சேர்கின்றன. 14 மில்லிமீட்டரைத் தாண்டியவற்றில் பல, மருந்து வருவதற்கு முன்பே பெண்ணாகத் தொடங்கியிருக்கும். மேலும், மிதமிஞ்சிய மெத்தில் டெஸ்டோஸ்டிரோனை உடல் ஈஸ்ட்ரோஜன் வகைப் பொருளாக மாற்றிவிடக்கூடும் என்பதால், மருந்தைக் கூட்டுவது எதிர்விளைவையும் தரலாம்.

ஐந்து முதல் ஏழு நாட்களுக்கு ஒருமுறை தாயின் வாயிலிருந்தே முட்டைகளைச் சேகரித்துச் சாடியில் பொரிக்க வைத்தால், எல்லாக் குஞ்சுகளும் ஏறத்தாழ ஒரே வயதில் கிடைக்கும்.

பதில் 2 (பண்ணையாளர்):
தீவனத்தை எங்கே உலர்த்துகிறீர்கள்? நான் முதல் ஆண்டில் தார்ப்பாயில் வெயிலில் பரப்பிக் கெடுத்தேன். இந்த மருந்து வெளிச்சத்தில் சிதையும். நிழலில் உலர்த்திக் குளிர்பெட்டியில் வையுங்கள். பச்சை நீரில் மிதவையுயிர்களைத் தின்று வயிறு நிறைந்த குஞ்சு மருந்துத் தீவனத்தைக் குறைவாகவே எடுக்கும். தெளிந்த நீர்த் தொட்டிக்கு மாற்றி, நாளுக்கு நான்கு வேளையாவது இடுங்கள். கலக்கும்போது கையுறையும் முகக்கவசமும் கட்டாயம். கருவுற்ற பெண்கள் அந்தப் பக்கமே வர வேண்டாம்.

கேள்வி கேட்டவர்:
நானும் வெயிலில்தான் உலர்த்தினேன். இருவருக்கும் நன்றி. இனி விற்பதற்கு முன்பே ஆண் பெண் விகிதத்தை அறிய வழி உண்டா?

பதில் 1:
உண்டு. இரண்டு, மூன்று கிராம் எடை வந்த குஞ்சுகளில் ஐம்பதை எடுத்து, முதுகெலும்பின் கீழே நூல்போல் ஒட்டியிருக்கும் இனச்சுரப்பியைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, ஒரு துளி அசிட்டோகார்மைன் சாயமிட்டு மெல்ல நசுக்கி நுண்ணோக்கியில் பாருங்கள். வட்ட வட்டமாகக் கருமுட்டைகள் தெரிந்தால் பெண். நுண்மணிகளாக மட்டும் தெரிந்தால் ஆண்.

கேள்வி கேட்டவர் (பின்னர்):
சாடியில் பொரித்த முதல் தொகுதியில் ஐம்பதைச் சோதித்தேன். வட்டங்கள் இரண்டில் மட்டுமே தெரிந்தன. பழைய தொகுதியில் மீந்த குஞ்சுகளை விற்காமல் நிறுத்திவைத்திருக்கிறேன்.