பல்கலைக்கழக மின்னஞ்சலில் வேட்பாளருக்கு ஆதரவு கேட்டால் பிரச்சினையா?

வெள்ளவத்தை_அக்கா:
தம்பி அமெரிக்காவில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் மாணவர் விசாவில் பிஎச்டி செய்கிறான். போன கிழமை தனக்குப் பிடித்த வேட்பாளருக்கு ஆதரவு கேட்டு பல்கலைக்கழக மின்னஞ்சலில் நிறையப் பேருக்கு எழுதியிருக்கிறான், உடனே துறையில் கூப்பிட்டு, வரிவிலக்குக்கே ஆபத்து என்று ஏசியிருக்கிறார்கள். விரிவுரையாளர்கள் தேர்தல் மேடை ஏறுவதைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு இது விளங்கவே இல்லை. விசாவுக்கு ஏதும் வருமா? அம்மா சரியாகச் சாப்பிடுவதும் இல்லை.

பம்பலப்பிட்டி_கணக்காளர்:
அக்கா, அம்மாவைச் சாப்பிடச் சொல்லுங்கள். அது வரிச்சட்டம், விசாவோடு நேரடியாகச் சம்பந்தமில்லை. கட்டுப்படுவதும் பல்கலைக்கழகம்தான், தம்பி இல்லை. 1954 இல் லிண்டன் ஜோன்சன் செனட்டராக இருந்தபோது கொண்டுவந்த திருத்தம் அது: 501(சி)(3) பிரிவில் வரிவிலக்குப் பெறும் நிறுவனம் எந்த வேட்பாளரையும் ஆதரிக்கவோ எதிர்க்கவோ கூடாது. சட்டமூலம் ஒன்றுக்காகக் குரல் கொடுப்பது அளவோடு இருந்தால் பரவாயில்லை, வேட்பாளர் என்றால் கொஞ்சமும் கூடாது. 2007 இல் வரித் திணைக்களம் சொன்ன உதாரணம் ஒன்று: பல்கலைக்கழகத் தலைவர் பழைய மாணவர் செய்திமடலில், தன் பத்தியில், ஒருவரை ஆதரித்து எழுதுகிறார். அந்தப் பக்கத்துக்கான செலவைச் சொந்தக் காசில் கொடுத்தாலும் அது மீறல்தான், ஏனென்றால் மடல் பல்கலைக்கழகத்தினுடையது. மாணவன் அனுப்பிய மடல் அவ்வளவு பாரமில்லை. ஆனால் தம்பி பாடம் எடுக்கிறானா?

வெள்ளவத்தை_அக்கா:
ஓம், முதலாம் ஆண்டுக்கு உதவி ஆசிரியர். அந்தப் பிள்ளைகளுக்கும் போயிருக்கிறது.

பம்பலப்பிட்டி_கணக்காளர்:
அதுதான் அவர்கள் பயந்திருக்கிறார்கள். புள்ளி போடுகிற ஆள் அனுப்பினால் அது மாணவன் பேச்சாகத் தெரியாது. அந்தப் பிள்ளைகளிடம் வருத்தம் தெரிவித்து, இனிமேல் சொந்த மின்னஞ்சலில், வகுப்புப் பட்டியலைத் தொடாமல் எழுதச் சொல்லுங்கள்.

கொட்டாஞ்சேனை_ரவி:
நானும் அங்கே படித்தவன். வாயை மூட வேண்டும் என்று தம்பி நினைக்க வேண்டாம். மாணவர் பத்திரிகை தலையங்கத்தில் வேட்பாளரை ஆதரித்தாலும் வரிவிலக்குக்குப் பாதகமில்லை என்று 1972 இலேயே வரித் திணைக்களம் சொல்லிவிட்டது. சம்பளமில்லாமல் பிரசாரத்துக்கு உதவலாம். ஆனால் காசு? ஒரு டொலர்கூடக் கொடுக்கக் கூடாது! கிரீன் கார்ட் இல்லாத வெளிநாட்டவர் வேட்பாளருக்குக் காசு கொடுப்பது சட்டவிரோதம், விசாவில் கைவைக்கக்கூடியதும் அதுதான். கொடுத்திருக்கிறானா என்று இன்றைக்கே கேளுங்கள் அக்கா.