உலோக வால்வு உள்ளவருக்கு ஹெர்னியா ஆபரேஷன்: அசிட்ரோமை எப்போது நிறுத்துவது?

கேள்வி:
அப்பாவுக்கு வயது 66. மைட்ரல் வால்வு மாற்றி ஒன்பது வருடம் ஆகிறது, உலோக வால்வு. வால்வில் ரத்தம் கட்டாமல் இருக்கத் தினமும் சாயங்காலம் அசிட்ரோம் மாத்திரை போடுகிறார், போன வாரம் ஐஎன்ஆர் (ரத்தம் உறைவதைப் பார்க்கும் டெஸ்ட், எண் கூடினால் உறைவது தாமதம்) 2.8. இப்போது ஹெர்னியாவுக்கு ஆபரேஷன். சர்ஜன் ஐந்து நாள் முன்பே மாத்திரையை நிறுத்தச் சொல்லிச் சீட்டில் எழுதிவிட்டார். இதய டாக்டரோ ஒருநாள்கூட விடக்கூடாது என்று அன்றே சொல்லியிருந்தார். யார் பேச்சைக் கேட்பது? பயமாக இருக்கிறது.

பதில் 1:
இரண்டு பேருக்கும் காரணம் இருக்கிறது சகோ. மாத்திரை உடம்பில் இருந்தால் கத்தி பட்ட இடத்தில் ரத்தம் நிற்காது, சும்மா நிறுத்தினால் வால்வில் ரத்தம் கட்டி மூளைக்குப் போய்விடலாம். ஐந்து நாள் கணக்கு பொதுவாக வார்ஃபரின் என்ற இதே வகை மாத்திரைக்கு, அசிட்ரோம் அதைவிட சீக்கிரம் உடம்பை விட்டுப் போய்விடும். என் அம்மாவுக்கும் இதே வால்வுதான். பித்தப்பை ஆபரேஷனுக்கு மூன்று நாள் முன்பு நிறுத்தி, இடையில் ரத்தம் கட்டாமல் தடுக்கும் எனாக்சாபரின் ஊசியைக் காலையும் மாலையும் வயிற்றுத் தோலில் போட்டார்கள், வயிறெல்லாம் நீலம் நீலமாகக் கன்றிப்போனது. கடைசி ஊசி ஆபரேஷனுக்கு 24 மணி நேரம் முன்பு. அன்று காலை ஐஎன்ஆர் 1.5க்குக் கீழே வந்த பிறகுதான் உள்ளே கூட்டிப்போனார்கள்.

ஆனால் டிஸ்சார்ஜ் சீட்டில் அசிட்ரோமையே எழுதவில்லை! வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் மருந்து டப்பாவில் அட்டை அப்படியே இருப்பதைப் பார்த்துப் பதறிப்போனேன். அதனால் நிறுத்தும் தேதியோடு மறுபடி தொடங்கும் தேதியையும் எழுதி வாங்குங்கள். மாத்திரை வேலை செய்ய சில நாள் ஆகும், ஐஎன்ஆர் ஏறும்வரை ஊசி தொடர வேண்டுமா என்றும் கேளுங்கள்.

பதில் 2:
இதை எல்லோரும் அப்படியே பின்பற்றிவிடாதீர்கள். என் மாமாவுக்கு வால்வு இல்லை, இதயத் துடிப்புதான் ஒழுங்கில்லை, ரத்தம் கட்டாமல் இருக்க அபிக்சபான் என்ற வேறு மாத்திரை போடுகிறார். இரண்டு நாள் நிறுத்தினார்கள், ஊசியே கிடையாது. 2015இல் வந்த பிரிட்ஜ் ஆய்வில், இந்தத் துடிப்புப் பிரச்சினைக்காக வார்ஃபரின் போடுபவர்களுக்கு இடையில் ஊசி போட்டதால் பெரிய ரத்தக்கசிவுதான் கூடியது (3.2 சதவீதம், போடாதவர்களுக்கு 1.3), ரத்தக்கட்டி குறையவில்லை. உலோக வால்வுக்காரர்கள் அந்த ஆய்விலேயே இல்லை, உங்கள் அப்பா கணக்கு வேறு.

பதில் 3:
ஆபரேஷன் முடிந்து வலிக்கிறது என்று கடையில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போட்டுவிடாதீர்கள், அசிட்ரோமோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தம் கசியும்.

கேள்வி கேட்டவர்:
எல்லோருக்கும் நன்றி. இன்று சர்ஜன் அறையில் உட்கார்ந்தே இதய டாக்டருக்குப் போன் போட்டு இருவரையும் பேச வைத்தேன். ஐந்து நாள் மூன்றாகிவிட்டது, ஊசியும் உண்டு. எல்லாத் தேதியையும் அடுப்படி காலண்டரில் சிவப்பு மையால் குறித்துவிட்டேன், மறுபடி தொடங்கும் நாளுக்கு மட்டும் இரண்டு வட்டம்.