ஈமு போர்: தோற்றது யார்?

மைல்கல்
நேற்று இரவு தூக்கம் வராமல் எதையோ தேடப்போய் இதில் மாட்டிக்கொண்டேன். 1932-இல் மேற்கு ஆஸ்திரேலியாவில் ராணுவம் ஈமு பறவைகள் மீது போர் தொடுத்திருக்கிறது. இடம், கேம்பியன் என்ற கோதுமைப் பகுதி. ஏறத்தாழ 20,000 ஈமுக்கள் பயிரில் இறங்கிவிட்டன. மேஜர் மெரிடித் என்பவர் இரண்டு லூயிஸ் இயந்திரத் துப்பாக்கிகளோடும் 10,000 தோட்டாக்களோடும் போய் இறங்கினார். நவம்பர் 2-ஆம் தேதி சுடத் தொடங்கினார்கள். ஒரு வாரத்துக்குள் 2,500 தோட்டாக்கள் காலி. செத்த பறவைகள் ஐம்பது என்று ஒரு கணக்கு, சில நூறு என்று இன்னொரு கணக்கு. எட்டாம் தேதி மூட்டை கட்டிவிட்டார்கள். மனிதன் ஒரு பறவையிடம் போரில் தோற்றான் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வரலாம்.

கணக்குப்பிள்ளை
வந்துவிட்டேன். ராணுவம் என்கிறீர்களே, போனது எத்தனை பேர் தெரியுமா? ஒரு மேஜர், அவருக்குக் கீழே இரண்டு பேர். மூன்று பேர் போனால் படையெடுப்பு என்றால், எங்கள் தெருவுக்கு நாய் பிடிக்க வருவதும் படையெடுப்புதான். அதிலும் மூன்று பேர்தான் வருகிறார்கள், அவர்களும் வெறுங்கையோடுதான் திரும்புகிறார்கள். அங்கே தோட்டாவுக்குப் பணம், சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் விவசாயிகள் பொறுப்பு என்று முன்கூட்டியே பேசி முடித்த பிறகுதான் துப்பாக்கி வந்தது. இதற்குப் பெயர் போர் இல்லை ஐயா, வாடகை.

மைல்கல்
மூன்று பேர் தோற்றாலும் தோல்விதானே சார்? நவம்பர் 4 அன்று நடந்ததைக் கேளுங்கள். ஓர் அணைக்கட்டின் அருகே பதுங்கிக் கிடக்கிறார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஈமுக்கள் அவர்களை நோக்கியே நடந்து வருகின்றன. நன்றாக நெருங்கட்டும் என்று காத்திருந்து சுட்டார்கள். பன்னிரண்டு பறவைகள் விழுந்ததும் துப்பாக்கி சிக்கிக்கொண்டது. மற்றவை சிதறி ஓடிவிட்டன. அடுத்து, துப்பாக்கியை லாரியில் ஏற்றித் துரத்தினார்கள். லாரியால் பறவையை எட்ட முடியவில்லை, குலுங்கிய குலுக்கலில் குறி பார்க்கவும் முடியவில்லை. இந்தப் போருக்குப் பதக்கம் உண்டா என்று பேச்சு எழுந்தபோது, கொடுப்பதென்றால் ஈமுக்களுக்குக் கொடுங்கள், இதுவரை எல்லாச் சுற்றிலும் ஜெயித்தது அவைதான் என்றாராம் ஒரு நாடாளுமன்ற உறுப்பினர்.

தூக்கணாங்குருவி
இருவருமே பறவையைப் பார்க்காமல் பேசுகிறீர்கள். ஈமுவின் உடம்பு முழுக்கத் தொங்குகிற தளர்ந்த இறகு. ஒவ்வொரு இறகுக்கும் இரண்டு தண்டு. தூரத்திலிருந்து பார்த்தால் வைக்கோல் போர் நடந்து வருவதுபோல இருக்கும். உள்ளே இருக்கும் உடம்போ அதில் பாதிகூடத் தேறாது. சுடுகிறவன் வைக்கோலைத்தான் சுடுகிறான். மணிக்கு 50 கிலோமீட்டர் ஓடக்கூடியது, கூட்டமாக ஓடாமல் சின்னச் சின்னக் குழுவாகப் பிரிந்து ஓடுகிறது. ஒவ்வொரு குழுவிலும் ஆறடி உயரப் பறவை ஒன்று மேயாமல் காவல் நின்று, ஆள் வருவதைக் கண்டதும் எச்சரித்ததாக அங்கே போனவர்களே சொல்லியிருக்கிறார்கள்.

இன்னொன்று. அவை வயலுக்குப் போர் செய்ய வரவில்லை. முட்டைக் காலம் முடிந்ததும் உள்நாட்டிலிருந்து கடற்கரைப் பக்கம் நகர்வது அவற்றின் வழக்கம். வழியில் காட்டை அழித்து, தண்ணீர் தேக்கி, கோதுமையும் விதைத்து வைத்தால் பறவை என்ன செய்யும்? இலை போட்டுப் பரிமாறிவிட்டு, சாப்பிட வந்தவனைத் திருடன் என்றால் எப்படி?

மைல்கல்
அக்கா ஈமு கட்சி என்று எடுத்துக்கொள்கிறேன்.

தூக்கணாங்குருவி
அந்த விவசாயிகளையும் குறை சொல்ல மாட்டேன். பெரும்பாலும் முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்கள், அரசு கொடுத்த நிலத்தில் குடியேறியவர்கள். கோதுமை விலை விழுந்துவிட்டது, தருவதாகச் சொன்ன மானியமும் வரவில்லை. பயிரைப் பறவை தின்கிறது என்று வேளாண்மைத் துறையிடம் போகாமல் பாதுகாப்பு அமைச்சரிடம் போய் இயந்திரத் துப்பாக்கி கேட்டார்கள். அவர்களுக்குத் தெரிந்த கருவி அதுதானே!

உறையூர் வாசி
மனிதன் பறவையிடம் தோற்றதற்கே இவ்வளவு ஆச்சரியமா? யானையே கோழியிடம் தோற்ற ஊர் எங்களுடையது. அதனால்தான் உறையூருக்குக் கோழியூர் என்று பெயர். சிலப்பதிகாரத்திலேயே இருக்கிறது. வாரணம் என்றால் யானை, வாரணம் என்றால் கோழியும்தான். தோற்றவனுக்கும் ஜெயித்தவனுக்கும் ஒரே பெயர். ஆஸ்திரேலியாக்காரர்கள் கேள்விப்பட்டிருந்தால் துப்பாக்கியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருப்பார்கள்.

கணக்குப்பிள்ளை
உறையூர்க் கோழிக்கு ஆதாரம் கேட்கவில்லை, பிழைத்துப் போங்கள். ஆனால் மைல்கல் பாதிக் கதையில் படத்தை நிறுத்திவிட்டார். நவம்பர் 13-ஆம் தேதி மீண்டும் போனார்கள், டிசம்பர் 10 வரை சுட்டார்கள். மெரிடித் கொடுத்த இறுதிக் கணக்கு: 9,860 தோட்டாக்கள், 986 பறவைகள்.

இந்த இரண்டு எண்களையும் ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதிப் பாருங்கள். பறவைக்குச் சரியாகப் பத்துத் தோட்டா. ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை. நாற்பது வருடம் பேரேடு பார்த்தவன் சொல்கிறேன், இப்படி வகுபடுகிற கணக்கை வயலில் யாரும் எழுதுவதில்லை, மேஜையில் உட்கார்ந்துதான் எழுதுவார்கள். காயம்பட்டுப் பிறகு செத்தவை 2,500 என்றும் சேர்த்துக்கொண்டார். அதுவும் என்ன அழகான எண்!

இதற்கு நேர்மாறாக 1934-ஐப் பாருங்கள். சுட்டுக்கொண்டு வருகிறவருக்குப் பறவைக்கு இவ்வளவு என்று அரசு பணம் கொடுத்தது. ஆறே மாதத்தில் 57,034 பறவைகளுக்குப் பணம் வாங்கியிருக்கிறார்கள். முனையில் 34 என்று நிற்கிறதே, அதை நம்பலாம். லூயிஸ் துப்பாக்கி செய்யாததைக் காசு செய்தது. ஆக, போரில் யார் ஜெயித்தாலும் சரி, இரண்டு வருடத்தில் ஈமு தோற்றுவிட்டது. என் கட்சி முடிந்தது.

மைல்கல்
பத்துத் தோட்டா விஷயம் அபாரம் சார். ஆனாலும் ஒப்புக்கொள்ள மாட்டேன். 57,034 போன பிறகும் 1943-இலும் 1948-இலும் மறுபடி ராணுவத்தை அனுப்புங்கள் என்று விவசாயிகள் கேட்டிருக்கிறார்கள். தோற்றவனுக்கு எதிராக யாராவது திரும்பத் திரும்பப் படை கேட்பார்களா? அரசுச் சின்னத்தில் கங்காருவுக்கு எதிரே இன்றும் ஈமுதான் நிற்கிறது. எதிரியின் படத்தை ஐம்பது சென்ட் நாணயத்தில் அடித்துப் பையில் போட்டுக்கொண்டு திரிகிற நாடு வேறு எது?

தூக்கணாங்குருவி
ஈமு உண்மையிலேயே தோற்ற இடம் ஒன்று உண்டு, அதைப் பற்றி யாரும் கேலிப்படம் போடுவதில்லை. ஆஸ்திரேலியாவுக்கும் டாஸ்மேனியாவுக்கும் நடுவே கிங் தீவில் ஒரு குட்டை ஈமு இருந்தது. சீல் வேட்டைக்காரர்கள் வந்து இறங்கிய சில ஆண்டுகளில் தீவில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. பிரெஞ்சுக் கப்பலில் ஏற்றிப்போனவற்றில் கடைசிப் பறவை 1822-இல் பாரிஸில் செத்தது. அங்கே மேஜரும் இல்லை, லூயிஸ் துப்பாக்கியும் இல்லை. தடியும் நாயும் போதுமாக இருந்தன.

உறையூர் வாசி
அக்கா, சிரித்துக்கொண்டிருந்த இடத்தில் இப்படிச் செய்யலாமா?

மைல்கல்
சரி, பேச்சை மாற்றுகிறேன். 1976-இல் பிரிட்டன் தொலைக்காட்சியில் ராட் ஹல் என்பவர் கையில் மாட்டிய ஈமு பொம்மை, பேட்டி எடுத்த மைக்கேல் பார்கின்சனை நாற்காலியோடு கவிழ்த்தது. உலகத்துப் பெரிய நட்சத்திரங்களையெல்லாம் பேட்டி கண்ட மனிதர், கடைசியில் என்னை அந்தப் பறவைக்காகத்தான் நினைவில் வைத்திருப்பார்கள் என்று நொந்துகொண்டார். பொம்மை ஈமுகூடத் தோற்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பெருந்துறையான்
காலையிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். ஆஸ்திரேலியா, பாரிஸ், லண்டன் எல்லாம் வந்தாயிற்று, எங்கள் ஊர் மட்டும் வரவில்லை. ஈமுவிடம் தோற்றது யார் என்ற கேள்விக்குக் கொங்கு நாட்டில் பிறந்த குழந்தைகூட விடை சொல்லும். நாங்கள்தான். அதுவும் துப்பாக்கி எடுத்துத் தோற்கவில்லை, பணம் கொடுத்துத் தோற்றோம்.

என் மாமா ஈமு வளர்ப்புத் திட்டம் நடத்திய ஒரு கம்பெனியில் ஒன்றரை லட்சம் கட்டினார். குஞ்சும் தீவனமும் கம்பெனி தரும், வளர்ப்பதற்கு மாதாமாதம் பணமும் தரும். கறி, எண்ணெய், தோல், இறகு, முட்டை எல்லாம் காசு என்று டிவியில் சினிமா நட்சத்திரங்கள் வந்து சொன்னார்கள். இந்தக் கறியை யார் தின்கிறார்கள் என்று அத்தை ஒரே ஒரு தடவை கேட்டார். வெளிநாட்டில் தின்கிறார்கள் என்றார் மாமா. தென்னந்தோப்பில் கம்பி வலை அடித்து ஆறு ஈமு நின்றன. முதல் சில மாதம் பணம் சரியாக வந்தது. அதைப் பார்த்துப் பக்கத்துத் தோட்டத்துக்காரர் நகையை அடகு வைத்துக் கட்டினார்.

ஈமுவுக்கு மின்னுகிற பொருளைக் கண்டால் விடாது, விழுங்கிவிடும். ஒரு நாள் தீவனம் வைக்கக் குனிந்த அத்தையின் இடுப்பிலிருந்து பீரோ சாவியைக் கொத்தி விழுங்கிவிட்டது. கம்பெனிப் பத்திரம் அந்தப் பீரோவுக்குள். மாமா இரண்டு நாள் அதன் பின்னாலேயே குச்சியோடு நடந்தார். எதற்கு என்று விளக்கமாக எழுத விரும்பவில்லை. சாவி வரவில்லை. 2012 ஆகஸ்டில் கம்பெனி பூட்டிக் கிடக்கிறது என்று செய்தி வந்த அன்று பூட்டை உடைத்துத்தான் பத்திரத்தை எடுத்தார்கள். கம்பெனிப் பண்ணைகளில் தீவனமில்லாமல் கிடந்த பறவைகளுக்குக் கடைசியில் அரசுதான் இரை போட்டது. மாமா தன் ஆறுக்கும் மாட்டுத் தீவனம் போட்டார். ஆறும் நன்றாகச் சாப்பிட்டு, ஆறடி உயரத்தில், அவரை மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டே நின்றன.

கணக்குப்பிள்ளை
தம்பி, மாதாமாதம் கொடுத்த பணம் உங்கள் மாமாவுக்குப் பின்னால் கட்டியவருடைய பணம். பறவைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பேரேட்டில் வரவுப் பக்கம் முழுக்க மனிதர்கள்தான் இருந்திருப்பார்கள், ஈமு செலவுப் பக்கத்தில் மட்டும் வரும். மெரிடித் கணக்கே பரவாயில்லை என்று தோன்றுகிறது. பணம் ஏதாவது திரும்பி வந்ததா?

பெருந்துறையான்
வழக்குக்காகக் கோயம்புத்தூருக்கு அலைந்த பஸ் டிக்கெட்டை எல்லாம் ரப்பர் பேண்டு போட்டு வைத்திருக்கிறார். ஈமு வந்து போனதற்கு அடையாளமாக ஒரு முட்டை ஓடு இருக்கிறது. கரும்பச்சை நிறம், உள்ளங்கை கொள்ளாத அளவு. ஷோகேஸில் பேரன் வாங்கிய கோப்பைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்.

தூக்கணாங்குருவி
அதை அடைகாப்பது ஆண்தான், தெரியுமா? எட்டு வாரம் எழுந்து போய்ச் சாப்பிடக்கூடச் செய்யாது. பெண் பறவை முட்டையிட்டுவிட்டுக் கிளம்பிவிடும்.

பெருந்துறையான்
அத்தையிடம் சொன்னேன் அக்கா. இதை முன்பே சொல்லியிருந்தால் தானும் ஒன்றரை லட்சம் சேர்த்துக் கட்டியிருப்பேன் என்கிறார்.

மைல்கல்
கணக்குப்பிள்ளை சார், உங்கள் தீர்ப்பு?

கணக்குப்பிள்ளை
ஆஸ்திரேலியாவில் பறவைக்குப் பத்துத் தோட்டா. பெருந்துறையில் ஒன்றரை லட்சத்தை ஆறால் வகுத்தால் பறவைக்கு இருபத்தைந்தாயிரம். மேஜர் மெரிடித் சிக்கனக்காரர்.

பெருந்துறையான்
வகுத்தல் கணக்கை மாமாவிடம் காட்டினேன். படித்துவிட்டுத் தலையாட்டினார். பிறகு, இந்தப் பெரியவர் விவரமானவராகத் தெரிகிறார், கடக்நாத் கருங்கோழி இப்போது நன்றாகப் போகிறதாமே, அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டுச் சொல் என்கிறார். என்ன பதில் சொல்லட்டும் சார்?