நம்பர் தகடு இல்லாத ஜான்சன்: பழைய அவுட்போர்டு எஞ்சின் வைத்திருப்பவர்கள் உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

வள்ளக்காரர் மகன், குளச்சல் பக்கம்

அப்பா கட்டுமரத்தை விட்டு பிளைவுட் வள்ளத்துக்கு மாறியது எண்பதுகளில். அந்த வள்ளத்தின் பின்பக்கம் வெளியே மாட்டிய எஞ்சின் இருபது வருஷத்துக்கு மேல் எங்கள் வீட்டுப் பின்பக்கச் சாய்ப்பில், பழைய வலைக்கு அடியில் கிடந்தது. அப்பா இறந்த பிறகு வீட்டை ஒதுக்கும்போது பழைய இரும்புக்காரரை வரச் சொல்லியிருந்தோம். அவர் தராசை மாட்டிக்கொண்டிருந்த நேரத்தில் மூடியைத் திறந்து பார்த்தேன். உள்ளே ஒரு நட்டுக்கூட வெளியாள் கை பட்ட மாதிரி இல்லை. எல்லாம் அப்பா முறுக்கியது. எடைக்குப் போட மனசு வரவில்லை.

முதல் சிக்கல், இது என்ன எஞ்சின் என்பதே. மூடியில் இருந்த ஸ்டிக்கர் உப்புக் காற்றில் போய்விட்டது. ஒரு கடல் குதிரையின் வால் மட்டும் மங்கலாகத் தெரிந்தது. வள்ளத்தில் மாட்டும் கிளாம்பில் நம்பர் தகடு இருந்த இடத்தில் ரெண்டு ரிவெட் ஓட்டைதான் மிச்சம். கடப்புறத்தில் கேட்டால் ஒருத்தர் ஜான்சன் என்றார், இன்னொருத்தர் எவின்ரூட் என்று அடித்துச் சொன்னார். ஒரு வகையில் ரெண்டு பேரும் சரிதான். அமெரிக்காவில் ஓ.எம்.சி. என்ற ஒரே கம்பெனிதான் ரெண்டையும் செய்தது. ஒரே குதிரைத்திறன், ஒரே வருஷம் என்றால் உள்ளே பெரும்பாலும் ஒன்றுதான். மூடியும் பெயரும் வேறு.

விடை சிலிண்டர் பிளாக்கிலேயே இருந்தது. பிளாக்கில் நாணயம் மாதிரி வட்டமாக ஒரு அடைப்பு இருக்கும். மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, அதன் மேல் சாக்பீஸைத் தேய்த்தேன். குத்தியிருந்த எழுத்துகள் வெள்ளையாக எழும்பி வந்தன. தகடு போனாலும் அந்த அடைப்பில் மாடல் நம்பர் இருக்கும். 1980க்குப் பிறகு வந்த ஜான்சன், எவின்ரூட் மாடல்களில் வருஷத்தை எழுத்தாகத்தான் போட்டார்கள். அதற்கு 'இன்ட்ரொடியூசஸ்' (INTRODUCES) என்ற ஆங்கிலச் சொல்தான் சாவி: ஐ 1, என் 2, டீ 3, ஆர் 4, ஓ 5, டி 6, யூ 7, சி 8, ஈ 9, எஸ் 0. என்னுடையதில் கடைசி எழுத்துக்கு முன்னால் 'சி', 'ஓ' என்று இருந்தது. 85. அம்மாவிடம் சொன்னேன். "நீ ஒண்ணாங்கிளாஸ் சேர்ந்த வருசம்தான், கம்மல வச்சுத்தான் வாங்கினது" என்றார். கம்மல் கதை எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

பழைய எஞ்சின் கையில் கிடைத்தால் முதலில் கயிற்றைப் பிடித்து இழுக்காதீர்கள். உள்ளே பிஸ்டன் ரிங் துருவில் ஒட்டியிருந்தால் ஒரே இழுப்பில் உடையும். ரெண்டு பிளக்கையும் கழற்றி, டீசலும் எஞ்சின் ஆயிலும் கலந்து ஊற்றிவிட்டு, தினமும் சாயங்காலம் பிளைவீலைக் கையால் மெதுவாகத் தள்ளிப் பார்த்தேன். ஒன்பது நாள் அசையவில்லை. பத்தாம் நாள் ஒரு விரற்கடை நகர்ந்தது. மேலிருந்து பார்க்கும்போது கடிகாரம் சுற்றும் பக்கம்தான் சுற்ற வேண்டும். எதிர்ப்பக்கம் சுற்றினால் கீழே தண்ணீர் பம்பில் உள்ள ரப்பர் இம்பெல்லரின் இறக்கைகள் மடங்கிப்போகும்.

சிலிண்டர் தலையைத் திறந்தபோது, கசியாமல் இருக்க இடையில் வைக்கும் கேஸ்கெட் ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் ரெண்டு இருந்தது. கொஞ்ச நேரம் புரியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். மண்ணெண்ணெய்க்காக அப்பா செய்த வேலை அது. மண்ணெண்ணெயை பெட்ரோல் அளவுக்கு அழுத்தினால் எஞ்சின் தட்டும். கேஸ்கெட் தடித்தால் அழுத்தம் குறையும். ஸ்டார்ட் பண்ணுவது பெட்ரோலில், சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது, கரை நெருங்கும்போது மறுபடி பெட்ரோல். இல்லையென்றால் கார்ப்பரேட்டரில் மண்ணெண்ணெய் தங்கி, மறுநாள் விடியக்காலம் இழுத்து இழுத்துத் தோள் இறங்கிப்போகும். அப்பா கோயில் கோபுரம் தெரிந்ததும் திரும்பிப் பார்க்காமலே கையைப் பின்னால் நீட்டிக் குழாயைத் திருப்புவார். அந்தக் குழாய் இன்னும் இருக்கிறது. கைப்பிடி ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருக்கிறது.

கியர்பெட்டியின் அடி ஸ்க்ரூவைக் கழற்றினால் முதலில் தண்ணீர், பிறகு பால் விட்ட சாயா நிறத்தில் ஆயில். சீல் போயிருந்தது. புது ஆயிலைக் கீழ் ஓட்டை வழியாக ஏற்றி, மேல் ஓட்டையில் வழியும் வரை நிரப்ப வேண்டும். மேலிருந்து ஊற்றினால் காற்று அடைத்துப் பாதிதான் போகும்.

இதற்கு முன்னால் ஒரு மெக்கானிக்கிடம் காட்டியதில் நேரம் போனதுதான் மிச்சம். பிளைவீலைக் கழற்ற சுத்தியல் எடுத்தார், தடுத்துவிட்டேன். அதன் நடுவில் மூன்று மரை ஓட்டைகள் இருப்பதே, இழுத்துக் கழற்றும் புல்லரை மாட்டத்தான். சுத்தியலால் அடித்தால் உள்ளே காந்தம் விரியும், கிராங்கும் வளையும். துருப்பிடித்த போல்ட்டுகளுக்கும் அவசரம் ஆகாது. சுற்றியுள்ள அலுமினியத்தைச் சூடாக்கி, மரை ஓரத்தில் மெழுகுவர்த்தியைத் தொட்டால் மெழுகு உருகி உள்ளே இறங்கும். அப்படித்தான் எல்லாவற்றையும் எடுத்தேன். ஒன்று மட்டும் முறிந்தது.

இப்போது சுற்றுகிறது, அழுத்தமும் இருக்கிறது, தீப்பொறி மட்டும் இல்லை. உங்கள் கையில் வந்த எஞ்சின்களைப் பற்றியும் எழுதுங்கள்.

வடமராட்சியான்

வாசிக்க அப்பப்பான்ர நினைவு வந்திட்டுது. அவரிட்ட இருந்தது பிரிட்டிஷ் சீகல். மூடியே இல்லாத மிசின். மேல உருளை மாதிரி எண்ணெய்த் தாங்கி, கயிறு சுத்தி இழுக்கிற சில்லு, கீழ நீட்டுக் குழாய், அவ்வளவுதான். இங்கிலாந்தில பூல் எண்ட இடத்தில செய்தது. அதை அடையாளம் பிடிக்கிறது சுகம். கிராங்க் பெட்டியில நம்பர் குத்தியிருக்கும். முன்னுக்கு உள்ள எழுத்துகள் மாடலைச் சொல்லும். அறுபதுகளின்ர கடைசிக்குப் பிறகு வந்ததெண்டால் கடைசி எழுத்தும் எண்ணும் மாதமும் வருசமும்.

சீகல் வச்சிருக்கிற ஆக்களுக்கு ஒண்டு சொல்லவேணும். பழைய சீகலுக்கு பெட்ரோல் பத்துப் பங்குக்கு ஒயில் ஒரு பங்கு. வெளிநாட்டிலயிருந்து வந்த எங்கட சொந்தக்காரர் ஒராள், "இப்பத்தைய ஒயில் நல்லது, அம்பதுக்கு ஒண்டு காணும்" எண்டு கலந்து ஓட்டினார். அரை மணித்தியாலத்தில இறுகி நிண்டிட்டுது. உள்ளுக்குப் போல் பெயரிங் இல்லை, வெறும் உலோகப் புஷ்தான். அந்த ஒயில்தான் அதுக்கு உயிர். புகை கூட வரும்தான், வரட்டும்.

மண்ணெண்ணெய்க் கதை எங்களுக்கும் இருக்கு. தொண்ணூறுகளில யுத்தத்தால யாழ்ப்பாணத்துக்குப் பெட்ரோல் வராத காலம். சின்னப் போத்தலில கொஞ்சப் பெட்ரோல், அதில சேலைன் ரியூப். கார்ப்பரேற்றருக்குச் சொட்டு விட்டு ஸ்டார்ட் பண்ணி, பிடிச்ச உடன மண்ணெண்ணெய். மாமா அப்ப கிளாலிக் கடலேரியில சனத்தை ஏத்திப் படகு ஓட்டினவர். இரவில வெளிச்சம் இல்லாமல், ஒரு மிசின் பூட்டின படகுக்குப் பின்னால மற்றப் படகுகளைக் கயித்தில தொடுத்துக்கொண்டு போறது. ஒரு நாள் நடுக் கடலேரியில விசிறி மணல் திட்டில முட்டி, அதைத் தண்டோட பிடிச்சிருக்கிற சியர் பின் முறிஞ்சு போச்சு. பின்னால படகு நிறையச் சனம், குழந்தைகள். மாமா தண்ணிக்குள்ள இறங்கி, இருட்டில கையால தடவி, ஆணி ஒண்டை வெட்டிப் போட்டுத்தான் கரைக்குக் கொண்டுபோனவர். விடிஞ்ச உடன முதல் வேலையா அந்த ஆணியைக் கழட்டினவர். ஏனெண்டால் அந்தப் பின் முறியவேணும் எண்டுதான் செய்தது. அது முறியாட்டி கியர் முறியும். இண்டைக்கும் அவற்ர மிசின் மூடிக்குள்ள ரெண்டு பின் ரேப் சுத்தி ஒட்டிக் கிடக்கும்.

முகத்துவாரம், நாகை

முங்கின எஞ்சினைப் பத்தி யாரும் சொல்லல, அதனால நான். முகத்துவாரத்துல அலை அடிச்சு எங்க சித்தப்பா போட்டு கவுந்துச்சு. எஞ்சினை ரெண்டாம் நாள்தான் தூக்க முடிஞ்சுது. கரைக்குக் கொண்டாந்ததும் எல்லாரும் வெயில்ல காய வைங்கன்னாங்க. சித்தப்பா கேக்கல. நேரா வீட்டு நல்ல தண்ணித் தொட்டியில இறக்கி முழுசா முக்கி வச்சிட்டாரு. மெக்கானிக் வந்தது மறுநாள். அதுவரைக்கும் வெளிய எடுக்கவே விடல.

உப்புத்தண்ணி பட்ட இரும்பு காத்துப் பட்டதும்தான் வேகமா துருப்பிடிக்கும். தண்ணிக்குள்ள இருக்குற வரைக்கும் அவ்வளவு கெடாது. எடுத்த அன்னைக்கே பிரிச்சு, கழுவி, ஆயில் விட்டு, ஓட வச்சிரணும். ஓடிக்கிட்டு இருக்கும்போதே முங்கினதுன்னா முதல்ல பிளக்கைக் கழட்டிட்டு கையால சுத்திப் பாருங்க. எங்கயாவது இடிச்சா கனெக்டிங் ராடு வளைஞ்சிருக்கும், அப்பறம் கயித்தை இழுக்கவே கூடாது. அந்த எஞ்சின் அதுக்கப்பறம் ஆறு வருஷம் தொழிலுக்குப் போச்சு.

வள்ளக்காரர் மகன், குளச்சல் பக்கம்

எல்லாருக்கும் நன்றி. வடமராட்சி அண்ணன் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

தீப்பொறி வராததற்குக் காரணம் தெரிந்துவிட்டது. பிளைவீலுக்கு அடியில் கரண்ட் உண்டாக்கும் ஸ்டேட்டர் வெடித்து, உள்ளே இருந்த பிசின் உருகி வழிந்திருந்தது. பழைய எஞ்சின் ஒன்றிலிருந்து எடுத்து மாட்டினேன். தண்ணீர் ஓடும் வழியில் உப்பு கல்லாக இறுகியிருந்தது. வினிகரில் ஊறப் போட்டு எடுத்தேன். கக்கூஸ் கழுவும் ஆசிட்டை யாரும் விட வேண்டாம், அலுமினியத்தைத் தின்றுவிடும். இம்பெல்லர் புதுசு.

நேற்று டிரம்மில் நல்ல தண்ணீர் நிறைத்து இறக்கினேன். தண்ணீர் இல்லாமல் ஒரு நிமிஷம்கூட ஓட்டக் கூடாது, இம்பெல்லர் கருகிவிடும். பதினோராவது இழுப்பில் பிடித்தது. சாய்ப்பு முழுக்கப் புகை. பின்பக்கத் துளையிலிருந்து தண்ணீர் முதலில் சொட்டாக, பிறகு விரல் கனத்தில் நேராக அடித்தது. அம்மா அடுக்களையிலிருந்து வந்து, ஒன்றும் பேசாமல் அது நிற்கும் வரை நின்றார்.

எஞ்சின் சூட்டை அளவாக வைக்கும் தெர்மோஸ்டாட்டை அப்பா எப்போதோ கழற்றி எறிந்துவிட்டு, பால்பவுடர் டின் தகட்டை வட்டமாக வெட்டி அடைத்திருக்கிறார். 85ஆம் வருஷ 25 குதிரைக்குப் பொருந்தும் தெர்மோஸ்டாட் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். அந்தத் தகட்டைக் கழுவி எடுத்து வைத்திருக்கிறேன்.