தையல் மெஷினா, டிபன் பாக்ஸா? பழைய 'போர்ட்டபிள்' கம்ப்யூட்டர்களோடு உங்கள் அனுபவம்

கலிஃபோர்னியா மவுன்டன் வியூவில் இருக்கும் கம்ப்யூட்டர் மியூசியத்தில் ஆஸ்போர்ன் 1-ஐப் பார்த்தேன். 1981-ல் வந்தது. எடை 11 கிலோ. ஸ்கிரீன் வெறும் 5 அங்குலம். ஒரு வரியில் 52 எழுத்துதான் தெரியும், மீதியைப் படிக்கப் பக்கவாட்டில் நகர்த்தணும். விமான சீட்டுக்கு அடியில் நுழையும்னு சொல்லி விற்றார்கள். நுழையும் சரி, விமானம் வரைக்கும் யார் சுமப்பது? கம்பெனி 'போர்ட்டபிள்' என்றது. தோள் வலித்தவர்கள் 'லக்கபிள்' என்றார்கள், இழுத்துப் பறித்துத் தூக்கிப் போகும் சாமான் என்ற அர்த்தத்தில். பேர் நின்றுவிட்டது. வேறு யாராவது இதுமாதிரி எதையாவது தூக்கியிருக்கிறீர்களா?

*

தூக்கினேனே! 1984, ஹூஸ்டன். ஆபீஸில் ஒரு காம்பேக் போர்ட்டபிள், 12 கிலோவுக்கு மேல். அங்கே எல்லார் வாயிலும் அது 'தையல் மெஷின்'. படுக்க வைத்து இரண்டு பக்கத்துத் தாழையும் தள்ளினால் மூடி கையோடு வரும். அந்த மூடிதான் கீபோர்டு. உள்ளே 9 அங்குலப் பச்சை ஸ்கிரீன். மூடிக் கைப்பிடியோடு நிறுத்தினால் அசல் தையல் மெஷின் பெட்டியேதான். ஒருநாள் வீட்டுக்குக் கொண்டுபோனேன். ஊரிலிருந்து புதிதாக வந்திருந்த என் வீட்டம்மா சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பெடல் எங்கங்க?" என்றாள். பேட்டரியும் கிடையாது, பிளக் பாயின்ட் தேடி அலையணும். ஆனால் ஐபிஎம் பிசி சாஃப்ட்வேர் அதில் ஓடியது. அதற்காகவே சுமந்தோம்.

*

சான் டியேகோ பக்கம் ஒரு கராஜ் சேலில் கேப்ரோ II பார்த்தேன் சார். முழுக்க அலுமினியப் பெட்டி. மல்டிமீட்டர் மாதிரி அளவுக் கருவிகள் செய்துகொண்டிருந்த கம்பெனி அது, பெட்டியிலும் அந்தக் களை அப்படியே இருக்கும். விற்ற பெரியவர் "டார்த் வேடரோட டிபன் பாக்ஸ், எடுத்துக்கோ" என்றார். ஸ்டார் வார்ஸ் வில்லன் சாப்பாடு கட்டிக்கொண்டு போனால் இதில்தான் போவான்!

*

நான் திருவண்ணாமலைக்காரன், அதனால் ஒன்று சேர்க்கிறேன். ஆஸ்போர்ன் 1-ஐக் கொண்டுவந்த ஆடம் ஆஸ்போர்னின் அப்பா ஆர்தர் ஆஸ்போர்ன் ரமணரின் அடியார். பையன் சின்ன வயசில் வளர்ந்ததும் எங்கள் ஊரில்தான். ஆடம் 2003-ல் கொடைக்கானலில் காலமானார். அடுத்த மாடல் வருதுன்னு முந்திக்கொண்டு சொன்னதால் விற்பனை படுத்து, 1983-ல் அவர் கம்பெனி திவாலானதாகச் சொல்வார்கள்; அதற்கு 'ஆஸ்போர்ன் எஃபெக்ட்' என்றே பேர். எனக்கு அது பாதிக் கதைதான். அதே விலையை ஒட்டி 9 அங்குல ஸ்கிரீனோடு கேப்ரோ வந்து நின்றபோது, 5 அங்குலத்தை யார் வாங்குவார்கள்?