மட்டக்களப்பு வெக்கைக்குள் காபரேற்றரில் ஐஸ் பிடிக்குமா?

திமிலைதீவான்:
எங்கள் சொந்தக்காரப் பொடியன் ஒருவன் இரத்மலானையில் விமானம் ஓட்டப் பழகுகிறான், செஸ்னா 152. அண்மையில் மட்டக்களப்புக்கு வரும்போது வாவிக்கு மேலே இறங்கிக்கொண்டிருக்க எஞ்சின் சத்தம் தணிந்து உதறத் தொடங்கியிருக்கிறது. பயிற்றுநர் உடனே காப் ஹீற் குமிழை முழுக்க இழுத்தாராம். சைலன்சரைச் சுற்றிச் சூடான காற்றை, பெற்றோலும் காற்றும் கலக்கிற காபரேற்றருக்குள் விடுகிற குமிழ் அது. எஞ்சின் முதலில் இன்னும் மோசமாக இருமியது, பிறகு பழையபடி இழுத்தது. உள்ளே ஐஸ் கட்டியிருந்தது என்று சொல்லியிருக்கிறார். வெளியே 29 பாகை வெயில், வீட்டில் ஒருவரும் நம்பவில்லை. நான் நம்புகிறேன். எங்கள் கரையில் இறங்குகிறவர்கள், அறிகுறி தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், காப் ஹீற்றை இழுத்துவிட்டுத்தான் பவரைக் குறைக்க வேண்டும்.

ஏறாவூர் மெக்கானிக்:
தம்பி, நான் காபரேற்றர் கழற்றிப் பூட்டித்தான் சீவிக்கிறேன். மோட்டார் சைக்கிளில் தூசி அடைத்துப் பார்த்திருக்கிறேன், தண்ணீர் கலந்த பெற்றோல் பார்த்திருக்கிறேன், ஐஸ் ஒரு நாளும் பார்த்ததில்லை. 29 பாகையில் ஐஸா? அது குளிர்நாட்டுக்காரன் அவன் ஊருக்கு எழுதி வைத்த பாடம். இங்கே எஞ்சின் உதறினால் முதலில் பெற்றோலைப் பாருங்கள்.

திமிலைதீவான்:
காக்கா, மாரிகாலத்தில் விடியவே ஒரு சைக்கிளை ஸ்ராட் பண்ணி ஐட்லிங்கில் விட்டுவிட்டுக் காபரேற்றரைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். வெளிப்புறம் முழுக்க வியர்த்து, விரல் வைத்தால் சில்லென்று இருக்கும். கையில் பெற்றோல் பட்டால் குளிர்கிறதே, அதே சங்கதிதான். பெற்றோல் ஆவியாகிற இடத்தில் சூடு இறங்குகிறது, குறுகலான வென்சூரிக்குள் காற்று பாயும்போது அழுத்தம் குறைந்து இன்னும் கொஞ்சம் இறங்குகிறது. இரண்டும் சேர்ந்து 30 பாகைக்கு மேல்கூட இறக்கும். 29இலிருந்து 30ஐக் கழித்துப் பாருங்கள். அந்தக் காற்றில் ஈரம் இருந்தால் அது போய் ஒட்டுகிற இடம் காற்று வழியைத் திறந்து மூடுகிற பட்டர்பிளை தகடும் அதைச் சுற்றியுள்ள சுவரும்தான். மோட்டார் சைக்கிளில் காபரேற்றர் சூடான சிலிண்டரோடு ஒட்டி இருக்கிறது, நீங்களும் எக்சலேற்றரைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே போகிறீர்கள், அதனால் இங்கே கட்டுவது அரிது. குளிர்நாடுகளில் அதற்கும் கட்டுகிறது, காபரேற்றருக்கு ஹீற்றர் பூட்டிய மொடல்களே உண்டு.

குளிர்நாட்டுப் பாடம் என்பதையும் ஒப்புக்கொள்ள மாட்டேன். சைபருக்குக் கீழே 15 பாகையில் காற்றில் ஈரமே குறைவு, இருக்கிறதும் ஏற்கெனவே உறைந்த துகளாக ஒட்டாமல் போய்விடும். அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் கைநூலிலேயே 38 பாகை வரைக்கும், ஈரப்பதன் 50 வீதத்திலும் ஐஸ் கட்டலாம் என்று இருக்கிறது. எங்கள் கரையில் காலையில் 28 பாகை, 80 வீத ஈரம் என்பது சாதாரண நாள். பைலற்மார் பார்க்கிற ஐஸ் வரைபடத்தில் அந்தப் புள்ளி, பவர் குறைத்து இறங்கும்போது கடுமையாகக் கட்டும் என்கிற பகுதிக்குள் விழுகிறது.

அக்கரைப்பற்றான்:
ஐஸ் கட்டாது என்று நான் சொல்லவில்லை. எப்போதும் இழு என்கிற முடிவோடுதான் எனக்குப் பிரச்சினை. காப் ஹீற் இழுத்தால் போகிற காற்று பில்டர் வழியாகப் போகாது, வரண்ட காலத்தில் உஹன பக்கத்துப் புழுதியை எஞ்சின் அப்படியே குடிக்கும். சூடான காற்று அடர்த்தி குறைந்தது, கலவை றிச் ஆகி, அதாவது காற்றுக்குப் பெற்றோல் கூடிப்போய், பவரும் குறையும். இறங்கப் போய் ஏதோ காரணத்தால் திரும்ப ஏற வேண்டி வந்தால், பதற்றத்தில் குமிழை மூட மறந்தவன் வாவிக்கு மேலே அரைகுறைப் பவரோடு நிற்பான். அதோடு 152இல் இருப்பது லைக்கோமிங் எஞ்சின். காபரேற்றர் எண்ணெய்த் தொட்டியோடு பூட்டி இருப்பதால் அந்தச் சூடு ஏறும். பழைய செஸ்னா 150இன் கொன்ரினென்ரல் எஞ்சின் அளவுக்கு அதற்குப் பயம் வேண்டாம். பைப்பர் செரோக்கி வகைகளில் ஐஸ் அறிகுறி இருந்தால் மட்டும் இழு என்றுதான் கைநூலே சொல்கிறது.

ஏறாவூர் மெக்கானிக்:
இது நியாயமான பேச்சு. பில்டர் இல்லாமல் ஓட்டின எஞ்சினின் ரிங் எப்படித் தேய்ந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அப்புறம் மட்டக்களப்புக்குக் கரவன் விமானம் வந்து போனதே, அதில் இந்தக் குமிழ் இருந்ததாகக்கூட நான் கேள்விப்படவில்லை.

திமிலைதீவான்:
கரவன் ரேர்பைன் எஞ்சின் காக்கா, அதில் காபரேற்றரே இல்லை. செஸ்னா 172இலும் 1996இலிருந்து வருபவற்றுக்கு, காபரேற்றர் இல்லாமல் பெற்றோலைப் பீச்சுகிற இன்ஜெக்சன்தான்.

அக்கரைப்பற்றான் அண்ணன் சொன்ன புழுதி சரி, அதனால் தரையில் ஓடும்போது குமிழை உள்ளே தள்ளி வையுங்கள், ஓடுபாதையில் பவர் ஏற்றிச் சோதிக்கும்போது ஒருமுறை இழுத்து ஆர்பிஎம் (எஞ்சின் சுற்றுகிற வேகம்) இறங்குகிறதா என்று பார்த்தால் போதும். நான் பேசுவது ஆகாயத்தில் இறங்குகிற நேரத்தை. அறிகுறி வரட்டும் என்று காத்திருக்கச் சொல்கிறீர்கள். மட்டமாகப் பறந்துகொண்டிருக்கும்போது அது சரி, பவரைக் கூட்டிக் குறைக்கிற திரொட்டிலைத் தொடாமலே ஆர்பிஎம் குறைந்தால் கண்ணில் படும். இறங்கும்போது என்ன அறிகுறி வரும்? திரொட்டிலை நீங்களே மூடியிருக்கிறீர்கள், ஆர்பிஎம் எப்படியும் குறைவுதான். எஞ்சின் செத்தாலும் காற்று அடித்துப் புரொப்பெல்லர் சுற்றிக்கொண்டே இருக்கும். ஓடுபாதைக்கு எட்டாமல் கொஞ்சம் பவர் கேட்கிற அந்தக் கணத்தில்தான், கொடுக்க ஒன்றும் இல்லை என்று தெரியவரும். அந்த நேரம் குமிழை இழுத்தும் பெரிய பயனில்லை, சூடு வருவது எக்சோஸ்றில் இருந்து, எக்சோஸ்ற் ஏற்கெனவே ஆறிவிட்டது. அதனால்தான் பவர் இருக்கும்போதே இழுத்து ஒரு 15 விநாடி விட்டு, பிறகு திரொட்டிலை மூடச் சொல்கிறேன். செரோக்கிக்கு அதன் கைநூல். 152இன் கைநூலில், அதே லைக்கோமிங்குக்குத்தான், திரொட்டிலை மூடுமுன் முழு ஹீற் என்று அச்சடித்து இருக்கிறது.

அக்கரைப்பற்றான்:
நீண்ட இறக்கத்துக்குச் சரி என்று வைத்துக்கொள்வோம். திரும்ப ஏறுவதற்கு என்ன பதில்?

திமிலைதீவான்:
152இல் காப் ஹீற் குமிழ் திரொட்டிலுக்குப் பக்கத்திலேயே, இடப்புறம் இருக்கிறது. பொடியனுக்குப் பழக்குவது இப்படித்தான்: திரொட்டிலை முழுக்கத் தள்ளுகிற அதே கை, அடுத்த அசைவில் பக்கத்துக் குமிழையும் உள்ளே தள்ளுகிறது. மறந்து அரை நிமிடம் போனாலும் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும், ஏற்றம்தான் மந்தமாக இருக்கும்.

இன்னொன்று, பாதி இழுக்க வேண்டாம். காபரேற்றர் சூடு காட்டும் மீற்றர் இல்லாத விமானத்தில், பாதி இழுத்தால் ஒட்டாமல் போகவிருந்த குளிர் காற்றைச் சரியாக ஒட்டும் அளவுக்குச் சூடாக்கிவிட இடமுண்டு. இழுத்ததும் எஞ்சின் இருமினால் பயந்து திரும்ப மூடவும் வேண்டாம், அது உருகிய தண்ணீரை விழுங்குகிற சத்தம்.

ஏறாவூர் மெக்கானிக்:
பெற்றோலில் தண்ணீர் இருந்தாலும் அதே இருமல்தான் வரும். ஐஸா தண்ணீரா என்று எப்படிப் பிரிப்பது?

திமிலைதீவான்:
பறக்குமுன் தொட்டியின் அடியிலிருந்து பெற்றோல் எடுத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பார்கள், தண்ணீர் இருந்தால் அடியில் தனிக் குமிழாக நிற்கும். பொடியன் அன்று பார்த்தானாம், சுத்தம். இறங்கி நிறுத்தின பிறகும் திரும்ப எடுத்துப் பார்த்திருக்கிறார்கள்.