ஜெனடிக் கவுன்சலிங் முதுகலை: வெளிநாட்டில் படித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

இரட்டைச்சுருள்:
பயோடெக்னாலஜி கடைசி வருடம். ஆறு மாதம் லேபில் பிப்பெட் பிடித்ததில் ஒன்று புரிந்தது: எனக்கு டிஎன்ஏ பிடிக்கும், அதைப் பற்றி மனிதர்களிடம் பேசுவது அதைவிடப் பிடிக்கும். அதனால் ஜெனடிக் கவுன்சலிங் (பரம்பரை நோய்களைப் பற்றிக் குடும்பங்களுக்கு விளக்கி ஆலோசனை சொல்லும் வேலை) முதுகலைக்கு வெளிநாடு போகலாம் என்று பார்க்கிறேன். அமெரிக்காவா, பிரிட்டனா, ஆஸ்திரேலியாவா? என் 78 சதவீதம் போதுமா? "எங்கே படித்தாலும் எந்த நாட்டிலும் வேலை பார்க்கலாம்" என்கிறார் ஒரு ஏஜென்ட். உண்மையா?

பட்டாணிக்காரி:
ஏஜென்ட் சொன்னதை முதலில் மறந்துவிடுங்கள். எந்த நாட்டில் வேலை பார்க்கப் போகிறீர்கள் என்று முடிவு செய்துவிட்டு, அப்புறம் கல்லூரி தேடுங்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் இந்தப் படிப்புகளுக்கு அங்கீகாரம் தருவது ஏ.சி.ஜி.சி. என்ற அமைப்பு. அமெரிக்காவில் ஜெனடிக் கவுன்சலராகச் சான்று தரும் ஏ.பி.ஜி.சி. வாரியத்தின் தேர்வு எழுத நேர்வழி அந்த அங்கீகாரம் உள்ள படிப்புதான். ஆஸ்திரேலியாவுக்கு எச்.ஜி.எஸ்.ஏ. என்ற மரபியல் சங்கம், பிரிட்டனுக்குத் தனிப் பதிவு வாரியம். ஓரிடத்துச் சான்றிதழ் இன்னோரிடத்தில் தானாகச் செல்லுபடியாகாது.

நான் அமெரிக்காவில் இரண்டு வருடம் படித்தேன். 2018 முதல் அங்கே சேர்க்கை 'மேட்ச்' முறையில் நடக்கிறது. நேர்காணல்கள் முடிந்ததும் நீங்கள் கல்லூரிகளை வரிசைப்படுத்தித் தர வேண்டும், அவர்கள் மாணவர்களை வரிசைப்படுத்துவார்கள். ஏப்ரலில் ஒரே ஒரு பதில் வரும். வந்த இடத்தில்தான் சேர வேண்டும், பேரம் கிடையாது.

முதல் தடவை எனக்கு எதுவும் பொருந்தவில்லை. மதிப்பெண் நன்றாகத்தான் இருந்தது. விண்ணப்பக் கட்டுரையை இப்போது எடுத்துப் பார்த்தால் சிரிப்பு வருகிறது: ஜீன், ஜீனோம், பிசிஆர், ஒரு மனிதர்கூட இல்லை! அடுத்த வருடம் மனநெருக்கடி உதவித் தொலைபேசியில் வாரம் ஓர் இரவு தன்னார்வலராக உட்கார்ந்தேன். இரண்டாம் தடவை இடம் கிடைத்தது.

அதற்குப் பிறகும் புத்தி வரவில்லை என்பது வேறு கதை. வகுப்பில் நடிகர் ஒருவரை நோயாளியாக உட்கார வைத்துப் பயிற்சி. மார்பக, சினைப்பைப் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டும் பிஆர்சிஏ1 மரபணு மாற்றம் உள்ள பெண் வேடம். பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அந்த மாற்றம் கடத்தப்பட 50 சதவீத வாய்ப்பு, என்னென்ன பரிசோதனை, எத்தனை வயதில் என்று பத்து நிமிடம் பொழிந்து தள்ளினேன். முடிந்ததும் ஆசிரியை ஒன்றே ஒன்று கேட்டார்: "நடுவில் அவர் தன் தங்கையைப் பற்றி என்ன சொன்னார்?" எனக்கு ஞாபகமே இல்லை. தங்கை அவரிடம் பேசுவதை நிறுத்திவிட்டாளாம். யார் அழுதாலும் டிஷ்யூ பெட்டியை உடனே நீட்டாதே, "போதும், அழுகையை நிறுத்து" என்று சொல்வது போல ஆகிவிடும் என்று கற்றுக்கொண்டதும் அன்றைக்குத்தான்.

வட்டமும்சதுரமும்:
ஆஸ்திரேலியா பற்றி: மெல்போர்ன் பல்கலைக்கழகம், சிட்னியில் யு.டி.எஸ். பல்கலைக்கழகம், இரண்டிலும் இரண்டு வருடப் படிப்பு. பிரிட்டனில் அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். நடத்தும் எஸ்.டி.பி. என்ற மூன்று வருடப் பயிற்சி உண்டு, சம்பளத்தோடு. கேட்க ஆசையாக இருக்கும், ஆனால் அது வேலைக்கான தேர்வு. வெளியிலிருந்து போகிறவர்கள் தகுதி விதியையும் விசா விதியையும் முதலில் படியுங்கள். மதிப்பெண்ணைப் பற்றி அவ்வளவு கவலை வேண்டாம், உங்களுக்கு ஆங்கிலத்தில் ஆறுதல் சொல்ல வருமா என்று யோசியுங்கள். தேர்வு எழுதும் ஆங்கிலம் வேறு, அது வேறு.

இரட்டைச்சுருள்:
மருத்துவமனையில் எவ்வளவு நேரம் இருக்க வேண்டியிருக்கும்?

பட்டாணிக்காரி:
ஏ.சி.ஜி.சி. கணக்கில் குறைந்தது 50 நோயாளிகளிடம் நீங்களே பங்கெடுத்துப் பேசியிருக்க வேண்டும். கர்ப்பகாலம், குழந்தைகள், புற்றுநோய் என்று பிரிவு பிரிவாக அனுப்புவார்கள். போவதற்கு முன்பே வம்சாவளிப் படம் வரையப் பழகிக்கொள்ளுங்கள்: ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், சொந்தத்தில் திருமணம் என்றால் இரட்டைக் கோடு. உங்கள் குடும்பத்தையே மூன்று தலைமுறைக்கு வரைந்து பாருங்கள். யாரிடம் எதைக் கேட்கத் தயங்குகிறீர்கள் என்று அப்போதே தெரிந்துவிடும்.

இரட்டைச்சுருள்:
ஏஜென்டை விட்டாச்சு. உதவித் தொலைபேசிப் பயிற்சிக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். இராத்திரி முழித்திருப்பீர்களா என்றுதான் முதலில் கேட்டார்கள்.

பட்டாணிக்காரி:
முழித்திருங்கள். எனக்கு வந்த முதல் அழைப்பு ராங் நம்பர். கை நடுங்கிக்கொண்டே அவரிடமும் அரை நிமிடம் அக்கறையாகப் பேசினேன்.